பெயரைக் கடைசியில் படியுங்கள்: பழைய பத்திரமும் ஓலையும் வாசிக்கும் விதம்

"தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு முத்திரைத்தாள் பத்திரமும் கொஞ்சம் ஓலைகளும் கிடைத்தன. தமிழ்தான், ஆனால் வரிக்கு நாலு எழுத்துகூடப் பிடிபடவில்லை. எங்கள் பாட்டனார் ஒருவரின் பெயர் மாதிரி ஒன்று தெரிகிறது. அதற்கு அடுத்து 'போன' என்று இருக்கிறது. அப்படியானால் பத்திரம் எழுதும்போதே அவர் இறந்துவிட்டாரா? இந்த எழுத்தைப் படிக்கப் பழகுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் 'போன' பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் போகும் வழி தெரிந்தால் விடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

குடும்ப வரலாறு தேடும் எல்லோரும் பத்திரத்தைப் பிரித்ததும் பெயரைத்தான் தேடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். என் அனுபவத்தில் அதுதான் முதல் தவறு. மற்ற சொற்களை முன்பின் வரும் சொற்களை வைத்து ஊகிக்கலாம். பெயருக்கு அந்த வசதி கிடையாது. ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார், ஆனால் வாக்கியம் அப்போதும் பிசகில்லாமல் நிற்கும். தவறு நடந்தது நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் படிக்க வேண்டியது, எந்தப் பத்திரத்திலும் மாறாமல் வரும் வாசகங்களை.

பத்திர நடை நம் ஊரில் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. வீட்டில் 1960, 1970 வாக்கில் எழுதிய கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்து இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். "நாளது தேதியில்", "எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால்", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்", "தான விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள", "நான்கெல்லைக்கு உள்பட்ட" என்று ஒரு தாளம் காதில் ஏறிவிடும். அப்புறம் பழைய பத்திரத்துக்கு வாருங்கள். அதே தாளம் அங்கேயும் ஓடும். "புத்திர பௌத்திர" எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும், அந்த எழுத்தர் பகர, தகர, ரகரத்தை எப்படிப் போடுகிறார் என்பது கையில் வந்துவிடும். "விக்கிரய" கிடைத்தால் வகரம், ககரம், யகரம். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் போட்ட வடிவத்தை இரண்டு மூன்று இடங்களிலிருந்து பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பென்சிலால் அவர் கை போன போக்கிலேயே வரைவது முக்கியம். கண் மட்டும் பார்த்தால் எழுத்து கிறுக்கலாகத் தெரியும். கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே இழுத்து முடித்தார் என்பது புரிந்துவிடும். இந்த அட்டவணை அந்த ஓர் எழுத்தருக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த பத்திரத்துக்கு வேறு அட்டவணை.

எழுத்து ஏன் இவ்வளவு குழப்புகிறது என்பதற்கு நாலைந்து காரணங்கள் இருக்கின்றன. சின்னது முதலில். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய வடிவங்களில் சில அப்போது அரசு ஆணையாயின. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் இன்றைய ஐகாரக் குறி கிடையாது, எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு வரும். ணா, றா, னா மூன்றுக்கும் தனிக்கால் இல்லாமல் எழுத்தின் வாலே சுழிந்து முடியும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறாமல் படிப்பார்கள். 1978க்கு முன் பள்ளிக்கூடம் போன யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் புள்ளி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் ஓலையில் அநேகமாக இல்லை. அந்தப் பழக்கம் காகிதத்துக்கும் தொற்றிக்கொண்டு வந்தது. 'க' என்று இருந்தால் அது க-வாகவும் இருக்கலாம், க்-ஆகவும் இருக்கலாம். அடுத்து கொம்பு. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இவற்றுக்கு நாம் இன்று காட்டும் வேறுபாடு வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தத்தால் வந்தது. அது எழுதுபவர் கைக்கெல்லாம் உடனே போய்ச் சேரவில்லை. நூறு நூற்றைம்பது வருடம் கழித்தும் பலர் ஒற்றைக் கொம்பையே இரண்டுக்கும் போட்டார்கள். மூன்றாவது, கால். பழைய எழுத்தில் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம்.

இந்த மூன்றும் ஒரே சொல்லில் சேர்ந்தால் என்ன ஆகும்? கொம்பு, ப, கால் மாதிரி ஒரு கோடு, ன: இப்படி நான்கு வடிவங்கள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 'போன' என்று படிக்கலாம். 'பொன்' என்றும் படிக்கலாம். 'பேரன்' என்றும் படிக்கலாம். மூன்றும் சரியான வாசிப்புதான். எது பொருந்தும் என்பதை எழுத்து சொல்லாது, இடம்தான் சொல்லும்.

சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது, வரி முடிகிற இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் ஒடிப்பார்கள். காதில் கேட்டபடி எழுதுவார்கள்: 'விற்று' என்பது 'வித்து' ஆகும், 'வருஷம்' 'வருசம்' ஆகும், ர-வும் ற-வும், ள-வும் ழ-வும் இடம் மாறும். இதற்கு மருந்து ஒன்றுதான், சத்தமாகப் படிப்பது. கண்ணுக்குப் பிழையாகத் தெரிவது காதுக்குச் சரியாகக் கேட்கும்.

எண்களுக்கு வருவோம். தமிழ் எண்கள் பல எழுத்துகளின் தோற்றத்திலேயே இருக்கும். ௧ என்பது ககரம் போல, ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல, ௰ யகரம் போல. ௫ 'ரு' மாதிரியும், ௬ 'சு' மாதிரியும், ௯ 'கூ' மாதிரியும் தெரியும். சொல் என்று நினைத்து நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் பல சமயம் எண்ணாக இருக்கும். ஏட்டின் தலையில் தனியாக நிற்கும் 'உ' மட்டும் இரண்டு அல்ல, அது பிள்ளையார் சுழி. பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. 1876 என்பது ௲௮௱௭௰௬. ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது. வரிசை மாறினால் தேதி எட்டு நாள் தள்ளிப்போய்விடும். பூச்சியம் வைத்து எழுதும் முறை பரவிய பிறகு ௧௮௭௬ என்றே எழுதியவர்களும் உண்டு.

எண்ணோடு ஒட்டி வரும் குறிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இதில் குடும்ப வரலாற்றுக்கு ஆபத்தானது ௸. "௸யார் குமாரன்" என்று இருந்தால் எந்த மேற்படியார்? மேலே இரண்டு பெயர்கள் இருந்தால் தவறானவரைத் தகப்பனாக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. ௸ வரும் ஒவ்வோர் இடத்திலும் அது யாரைக் குறிக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் (உங்கள் படியில், மூலத்தில் அல்ல) எழுதிக்கொண்டே போங்கள்.

தேதியில் பெரும்பாலும் அறுபது வருடச் சுழற்சியின் பெயர் இருக்கும். பிரபவ 1867-68, அதே பிரபவ 1927-28, மறுபடி 1987-88. "தாது வருஷத்தில் பிறந்தவர்" என்று ஒரு குறிப்பு கிடைத்தால் அது பஞ்ச காலமான 1876-77 என்று உடனே முடிவு கட்டக் கூடாது. 1816-17உம் தாதுதான், 1936-37உம் தாதுதான். தை முதல் பங்குனி வரை உள்ள மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் பாருங்கள். தாது௵ கார்த்திகை௴ என்றால் 1876 கடைசி. தாது௵ மாசி௴ என்றால் 1877 தொடக்கம். பெயர்களில் மயங்கும் ஜோடிகள் உண்டு: பிலவ - பிலவங்க, குரோதி - குரோதன, விளம்பி - ஹேவிளம்பி, பிரமாதி - பிரமாதீச. கடைசி எழுத்து மங்கியிருந்தால் பிலவங்க பிலவ ஆகி ஆறு வருடம் காணாமல் போகும். நல்ல வேளையாகப் பலர் கிழமையும் நட்சத்திரமும் சேர்த்து எழுதினார்கள். அவற்றைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் எந்தச் சுழற்சி என்பது தெரிந்துவிடும்.

தெற்குச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்ற ஆண்டுக் கணக்கு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. எந்த ஆண்டு என்றே தெரியாவிட்டால் முத்திரைத்தாளில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி இருந்தால் பெரும்பாலும் 1901க்கு முன்பு, எட்வர்டு இருந்தால் 1901 முதல் 1910ஐ ஒட்டி, ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1910 முதல் 1936ஐ ஒட்டி. பழைய தாள் இருப்பில் கிடந்து பிறகு விற்பனையாவதும் உண்டு, அதனால் ஒன்றிரண்டு வருடம் இப்படி அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பங்குக் கணக்கு. சொத்தில் இவருக்கு எவ்வளவு என்பதைப் பின்னத்தில் எழுதுவார்கள். அரை, கால், அரைக்கால் என்றால் எளிது. வீசம் என்பது பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னம் வெறும் நிலக் கணக்கு இல்லை, குடும்பத்தின் எலும்புக்கூடு. ஒருவருக்குக் கால் பங்கு என்றால் பிரித்துக்கொண்ட கிளைகள் நான்காக இருந்திருக்கலாம். அரைக்கால் என்றால் அந்த நான்கில் ஒன்று மறுபடி இரண்டாகப் பிரிந்திருக்கலாம். உங்கள் வம்சாவளியில் மூன்று சகோதரர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் பத்திரம் கால் பங்கு பேசுகிறது என்றால், பெயர் தெரியாத நாலாவது ஆள் ஒருவரைத் தேட வேண்டும். வாரிசு இல்லாமல் போனவர்கள், பெண் வழிக்குப் போன பங்குகள் எல்லாம் எனக்கு இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. காணி என்பது பின்னம் மட்டும் அல்ல, நில அளவையும் கூட (ஏறக்குறைய 1.32 ஏக்கர்), பரம்பரை நில உரிமைக்கும் அதே சொல். மா என்பதும் அப்படியே, பின்னமும் உண்டு, அளவையும் உண்டு. முன்னால் இருப்பது 'பங்கு' பேச்சா, 'நஞ்சை, புஞ்சை' பேச்சா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கெல்லையையும் சலிப்பில்லாமல் படியுங்கள். "இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு" என்று வருபவர்கள் வெறும் அக்கம்பக்கத்தார் என்று தள்ளிவிடத் தோன்றும். பாகம் பிரித்த நிலம் பக்கத்துப் பக்கத்தில்தானே கிடக்கும்? எல்லையில் இருப்பவர் பல சமயம் தாயாதி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களிலும் பங்காளியும் மாமன் மச்சானும் இருப்பார்கள்.

சரி, இவ்வளவும் படித்த பிறகு பெயருக்கு வரலாம். பெயருக்கு முன்னால் 'ம-ள-ள-ஸ்ரீ' என்று இருந்தால் அது பெயரின் பகுதி அல்ல, 'மகாராஜராஜஸ்ரீ' என்ற மரியாதை அடைமொழியின் சுருக்கம். 'சி' என்பது சிரஞ்சீவி. 'வகையறா' என்றால் பின்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், எழுத்தர் எழுதவில்லை என்று பொருள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். அதனால் 1870 பத்திரத்திலும் 1925 பத்திரத்திலும் ஒரே பெயர் இருந்தால் ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம். தகப்பன் பெயர், ஊர், கையெழுத்தா, எழுதத் தெரியாதவர் போட்ட கீறலா என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

முன்பக்கம் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை என்றால் பத்திரத்தைத் திருப்புங்கள். பலர் திருப்பிப் பார்ப்பதே இல்லை, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பதிவான பத்திரத்தின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பு இருக்கும். எழுதிக்கொடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், தொழில், இருப்பிடம், அடையாளம் காட்டியவர்கள் எல்லாம் வேறு ஒருவர் கையில், சில சமயம் ஆங்கிலத்தில் இருக்கும். முத்திரைத்தாள் விற்றவரும் தேதி, வாங்கியவர் பெயர், ஊர் எழுதியிருப்பார். ஒரே பெயர் மூன்று கைகளில் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய உதவி, "1 புத்தகம்" என்று தொடங்கும் வரி. அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் பதிவு அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் பிரதி எடுக்கப்பட்டன. பின்பக்கத்தில் இருக்கும் ஆண்டு, எண், வால்யூம், பக்கத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதே வாசகம் இன்னொருவர் கையெழுத்தில், பூச்சி அரிக்காத பக்கத்தில் கிடைக்கலாம்.

ஓலைகளைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள். மை பூசிப் பார்க்கலாம், எண்ணெய் தடவலாம் என்று யார் சொன்னாலும் வீட்டில் செய்ய வேண்டாம். நனைந்தாலும் வளைத்தாலும் காய்ந்த ஓலை நொறுங்கும். எழுத்து கீறல்தான் என்பதால் பக்கவாட்டில் ஒரு விளக்கைத் தாழ வைத்துப் படம் எடுத்தாலே பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஒளியை நான்கு திசையிலிருந்தும் மாற்றி நான்கு படம் எடுங்கள். கட்டைப் பிரிக்கும் முன்பு ஓலைகளின் வரிசையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான நிலையில் இருந்தால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் போன்ற இடங்களில் காட்டி யோசனை கேளுங்கள். காகிதத்துக்கும் இதே அக்கறை வேண்டும்: லேமினேஷன் வேண்டாம், ஒட்டும் டேப் வேண்டாம். மங்கிய மைக்குக் கைப்பேசிப் படத்தில் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால் பல வரிகள் மேலெழும்பி வரும்.

எழுத்து தமிழே இல்லை என்றும் ஆகலாம். தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டியர் காலத்துக் காகிதங்கள் மோடி எழுத்தில் (மராத்தியைச் சேர்த்தெழுதும் பழைய எழுத்து) இருக்கும். முஸ்லிம் குடும்பங்களில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் கிடைக்கும். கடல் கடந்து போனவர்களைத் தேடுபவர்களுக்கு ஆங்கிலப் பதிவேடுகள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். அங்கேயும் வழி இதேதான்: முதலில் எல்லா வரியிலும் திரும்பத் திரும்ப வரும் மாவட்டப் பெயர்களைப் படித்து அந்தக் கையைக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஆளின் பெயரைத் தமிழ் உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படித்ததை எழுதிவைக்கும்போது மூலத்தில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே நீங்களும் முடியுங்கள். பிழையைத் திருத்தாதீர்கள். புள்ளி நீங்கள் வைத்தது என்றால் அது தெரியும்படி ஏதாவது ஒரு குறி போடுங்கள். சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள், படிக்கவே முடியாத இடத்தை அப்படியே விட்டு, எத்தனை எழுத்து என்று மட்டும் குறியுங்கள். நீங்கள் உறுதியாக எழுதிவைத்த ஒரு ஊகத்தைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் 'போன'. இறந்தவரைக் குறிக்கும்போது எழுத்தர்கள் 'காலஞ்சென்ற' என்றோ 'இறந்துபோன', 'மரித்துப்போன' என்றோ எழுதுவார்கள். அவை பெயருக்கு முன்னால் வரும். பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு 'போன' நிற்க இடமில்லை. அந்த இடத்தில் வர வேண்டியது உறவுச் சொல்: "இன்னார் பேரன் இன்னார் குமாரன் இன்னார்" என்று ஆளை அடையாளம் சொல்வது பத்திர வழக்கம். அதனால் அது 'பேரன்' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் நீங்கள் தேடிய பாட்டனார் அந்தப் பெயருக்கு உரியவர் அல்ல, இரண்டு பெயர் தள்ளி வரும் பேரனாக இருக்கலாம். இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் 'குமாரன்' அல்லது 'மகன்' என்ற சொல்லும் வருகிறதா? இரண்டு, பத்திரத்தின் அடியிலும் பின்பக்கத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டவர் பெயர் என்ன? அவர் சார்பதிவாளர் முன்னால் வந்து ரேகை வைத்திருந்தால், அன்றைக்கு உயிரோடுதான் இருந்திருக்கிறார்.